புதுவயல் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம்: பதினோரு மாதம் போன பிறகு

காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் இறந்த புதிதில் ஒரு பெரிய கிறிஸ்தவ ஜெப ஐக்கியத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். மேடை, விளக்கு, நானூறு நாற்காலி. எனக்காக ஜெபிக்க வந்தவர், "விசுவாசக் குறைவால்தான் அவர் போனார்" என்றார். அதன் பிறகு ஆறு மாதம் வேதாகமத்தையே திறக்கவில்லை.

ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண்தான் புதுவயலுக்குக் கூப்பிட்டாள். அரிசி ஆலை மேஸ்திரி ஒருவரின் வீடு. தெருவுக்குள் நுழையும்போதே நெல் அவிக்கும் வாசனை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. இரண்டு கல் விரிசல் விட்டிருக்கிறது, அதன் மேல் பாயைப் போட்டுவிடுகிறார்கள். பதினைந்து பேர் வட்டமாக உட்காருகிறோம்.

இரண்டு கீர்த்தனை, ஒரு அதிகாரம். பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒவ்வொருவரிடமும், "இந்த வாரம் எப்படிப் போனது?" என்று கேட்பார். நான்கு வாரம் "பரவாயில்லை சார்" என்று தப்பித்தேன். ஐந்தாவது வாரம் வாய் தவறி வந்துவிட்டது: காலர் திருப்பித் தைக்கச் சொல்லி என் கணவர் கொடுத்த சட்டை மெஷின் பக்கத்திலேயே கிடக்கிறது, தைக்கவும் முடியவில்லை, எடுத்து வைக்கவும் முடியவில்லை என்றேன். யாரும் வசனம் சொல்லவில்லை. மேஸ்திரியின் மனைவி மட்டும், "என்ன நிறம் அக்கா?" என்றார். இளநீலம். அடுத்த வெள்ளி செருப்பைக் கழற்றும்போதே, "இளநீலம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5:16. நானூறு நாற்காலியில் அதை யாரிடம் செய்வது? வாத்தியார் ஒரு கதை சொன்னார். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வைத்தார்களாம். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாக வசூலுக்குப் போனார். போன இடத்தில் குடும்பத்துக் கஷ்டமெல்லாம் தெரிய வந்தது. அதுவே வாராந்தர வகுப்புக் கூட்டமாகிவிட்டது. (இங்கே காணிக்கைப் பைகூடச் சுற்றுவதில்லை.)

எனக்குச் சர்க்கரை உண்டு. "ஜெபம் இருக்கட்டும், மாத்திரை போட்டாயா அம்மா?" என்றுதான் வாத்தியார் முதலில் கேட்பார். இதற்காகவே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. ஏழு மணி என்றால் ஏழே முக்காலுக்குத்தான் ஆரம்பம். பதினைந்து பேருக்கு எதற்கு ஒலிபெருக்கி என்று இன்றுவரை புரியவில்லை. மூட்டை அடுக்கு சரிந்து உயிர் பிழைத்த சாட்சியை ஒரு பெரியவர் வாராவாரம் சொல்கிறார். எத்தனையாவது மூட்டை என்பதுவரை எனக்கு மனப்பாடம். கொடுக்கும் காபியில் சர்க்கரை அதிகம், முன்பே சொல்லிவைப்பது நல்லது.

சட்டையைப் போன மாதம் தைத்து முடித்தேன். வாத்தியாருக்குத் தோள் கொஞ்சம் தொங்குகிறது, பிடித்துத் தர வேண்டும்.