கேரமல் செய்ய ட்ரைப்ளை சாஸ்பேன், காசுக்குத் தகுமா?

கேரமல் கஸ்டர்ட், பிளம் கேக் எல்லாம் வீட்டிலேயே செய்கிற ஆளாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நான் வைத்திருப்பது 16 செ.மீ அளவு. ட்ரைப்ளை என்றால் மூன்று அடுக்கு: உள்ளேயும் வெளியேயும் ஸ்டீல், நடுவில் அலுமினியம். சாதாரண ஸ்டீல் பாத்திரத்தைவிட விலை அதிகம்தான், ஆனால் அந்த அலுமினியத்துக்குத்தான் அந்தக் காசு. மெல்லிய ஸ்டீலில் தீ படுகிற இடத்தில் சர்க்கரை கருகிப்போகும், ஓரத்தில் வெள்ளையாக அப்படியே கிடக்கும். இதில் சூடு அடி முழுக்கப் பரவுவதால் ஏறக்குறைய எல்லாம் சேர்ந்தே இளகுகிறது.

கறுப்பு நான்ஸ்டிக் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. கேரமலுக்கு நிறம்தான் கணக்கு, அது கறுப்பில் தெரியாது. சர்க்கரை 160 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வந்து, அப்புறம் செம்பழுப்பாகும். 190ஐத் தொட்டால் கசப்பு ஏறிவிடும். பளபளக்கும் ஸ்டீலில் ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தெரிகிறது, ஓரத்தில் மெல்லிய புகை கிளம்புவது உட்பட. கஸ்டர்டுக்குச் செம்பழுப்பு வருவதற்குச் சற்று முன்பே அடுப்பை அணையுங்கள், ஏனென்றால் அடி கனமானது, அணைத்த பிறகும் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்தப் பாத்திரத்தில் பழக வேண்டிய ஒரே விஷயம் அதுதான்.

பிளம் கேக்குக்கு இன்னும் கறுக்க விட்டு, பிறகு வெந்நீர் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், பாகு கட்டியாகிவிடும். வெந்நீருக்கே குபுகுபுவென்று பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சுவர் உயரமாக இருப்பதால் வெளியே தெறிப்பது குறைவு.

கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், பாகு பூத்துவிடும், அதாவது மறுபடி சர்க்கரைப் பரலாகிவிடும். கைப்பிடியைப் பிடித்துப் பாத்திரத்தையே மெல்லச் சுழற்றுங்கள். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரையில் கொஞ்சம் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்து, பூப்பதைத் தடுக்கும்.

குறை என்றால் ஊற்றுவதற்கு மூக்கு இல்லை, கஸ்டர்ட் கிண்ணத்தில் ஊற்றும்போது பக்கவாட்டில் வழிகிறது. இவ்வளவு விலை வைத்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டது எரிச்சலாகத்தான் இருக்கிறது. கைப்பிடியும் அடிப்பக்கத்தில் சுடும், துணி வேண்டும். கழுவுவது சுலபம்: தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஒட்டியது எல்லாம் தானே கரைந்துவிடும், தேய்க்க வேண்டாம். பால் காய்ச்ச, டீ போட மட்டும் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை.