இண்டெம்னிட்டி பாலிசி என்று சொல்லி 64,900 ரூபாய் வாங்கினார்கள்: மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சொந்தமாகச் சிறிய மருத்துவமனை நடத்தும் மருத்துவர்கள், குறிப்பாக மகப்பேறு பார்ப்பவர்களும் அறுவை சிகிச்சை செய்பவர்களும், இதை முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர்களுக்கென்றே இண்டெம்னிட்டி காப்பீடு (சிகிச்சையில் கவனக்குறைவு என்று நோயாளி வழக்குப் போட்டால் இழப்பீட்டுத் தொகையை ஏற்கும் காப்பீடு) எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையதளத்திடம், மூன்று ஆண்டுகளுக்கு 55,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 64,900 ரூபாய் கட்டினேன். இம்மாதத் தொடக்கத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. அதன் பிறகுதான், என் பெயரில் நடப்பில் எந்தப் பாலிசியும் இல்லை என்பது தெரியவந்தது. அந்தத் தளத்தின் பெயரை நான் எழுதவில்லை. புகார் கொடுக்கவிருக்கும் நேரத்தில் பெயரைப் பொதுவெளியில் போட வேண்டாம் என்று என் வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். என்ன நடந்தது என்பதையும், பாலிசி வாங்குவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

2011 முதல் ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் உள்ளூர்க் கிளையில் ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பித்து வந்தேன். ஒரு முறைகூட இடைவெளி விட்டதில்லை. 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து, இந்தக் காப்பீடு இல்லாமல் தனியார் மருத்துவம் செய்வது ஆபத்து என்பது நம் அனைவருக்கும் தெரியும். 2019ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் மருத்துவம் வெளிப்படையாகக் குறிப்பிடப்படவில்லை என்று சிலர் எழுப்பிய வாதத்தையும் 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013இல் கொல்கத்தா வழக்கு ஒன்றில் வட்டி நீங்கலாக ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப்பட்ட பிறகு, 10 லட்சத்துக்கும் 25 லட்சத்துக்கும் பாலிசி வைத்திருந்தவர்கள் எல்லாரும் கலங்கிப்போனோம். அந்தக் கலக்கத்தைத்தான் இந்தத் தளத்தின் ஆட்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், என் பாலிசி முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்தத் தளத்தின் பிரதிநிதி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். மாலை ஓ.பி. முடியும் வரை வெளியே பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, கடைசி நோயாளி போன பிறகே உள்ளே வந்தார். கொல்கத்தா வழக்கின் தொகையை மனப்பாடமாகச் சொன்னார். பக்கத்து ஊரில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், எனக்கு மிகவும் வேண்டியவர், தங்களிடம் சேர்ந்திருப்பதாகச் சொல்லி அவருடைய சான்றிதழின் நகலைக் காட்டினார். பழைய பாலிசியில் எனக்கு 25 லட்சம்தான் வரம்பு. இவர்களிடம் 1 கோடி, அதோடு வழக்கு வந்தால் வழக்கறிஞரையும் அவர்களே அமர்த்துவார்கள், பதில் மனுவையும் அவர்களே தயாரிப்பார்கள் என்றார்.

நான் அவரிடம் முதலில் கேட்டதே ரெட்ரோஆக்டிவ் தேதியைப் பற்றித்தான். இது எவ்வளவு முக்கியம் என்பதை இளம் மருத்துவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் பாலிசிகள் வாகனக் காப்பீட்டைப் போல விபத்து நடந்த நாளைமட்டும் பார்ப்பவை அல்ல. நோயாளி நம்மீது முதன்முதலாகப் புகார் எழுப்பும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும்; அந்தச் சிகிச்சை நடந்த நாளும் பாலிசியில் எழுதப்பட்டுள்ள ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பணம் கிடையாது. இடைவெளியில்லாமல் புதுப்பித்து வருபவருக்கு முதல் பாலிசியின் தொடக்க நாளே அந்தத் தேதியாகத் தொடரும். நிறுவனம் மாறினால், புதிய நிறுவனம் ஒப்புக்கொண்டு பாலிசி அட்டவணையில், அதாவது பாலிசியின் விவரங்கள் அச்சிடப்பட்ட பக்கத்தில், எழுதினால்தான் உண்டு. என்னுடைய தேதி 2011. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் பார்த்த பிரசவங்களுக்கும் அறுவைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஆகவே, 2011 என்ற தேதி தொடருமா என்று நேரடியாகக் கேட்டேன். "கண்டிப்பாகத் தொடரும் மேடம், பழைய பாலிசி நகலை மட்டும் அனுப்புங்க" என்றார். எழுத்தில் வேண்டும் என்றேன். அங்கேயே, என் கண் முன்னால், தன் கைபேசியிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்: பழைய ரெட்ரோ தேதியே தொடரும், 1 கோடி ரூபாய் வரம்பு, மூன்று ஆண்டுகள். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. தயங்காமல் எழுத்திலேயே கொடுக்கும் ஒருவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அன்றிரவே 64,900 ரூபாயை இணையவழியில் செலுத்தினேன். மறுவாரம் பொன்னிற ஓரம் வைத்த சான்றிதழ் ஒன்று கூரியரில் வந்தது. அதில் என் பெயர், பதிவு எண், 1 கோடி என்ற தொகை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண் எல்லாம் இருந்தன. பாலிசி அட்டவணை பின்னால் வரும் என்றார்கள். கேட்டபோதெல்லாம், குழுப் பாலிசி என்பதால் தனித்தனி அட்டவணை வராது, சான்றிதழே போதும் என்று பதில் வந்தது.

இப்போது வந்திருக்கும் புகார், 2022இல் நான் செய்த குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையைப் பற்றியது. 2024இல் அந்தப் பெண்மணி மீண்டும் கருவுற்றார். நோயாளியைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையாகாது. சரியாகச் செய்யப்பட்ட அறுவைக்குப் பிறகும் மிகச் சிலருக்குக் கருக்குழாய் தானாக இணைந்துவிடுவதுண்டு. ஒப்புதல் படிவத்திலேயே அது இருக்கிறது. அறுவையைச் செய்ததில் கவனக்குறைவு இருந்தால் அன்றி, கரு தரித்ததை மட்டும் காரணமாக வைத்து மருத்துவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2005இல் பஞ்சாப் அரசு எதிர் சிவ் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த வாதத்தை ஆணையத்தில் எடுத்துவைக்க வழக்கறிஞர் வேண்டும், நிபுணர் கருத்து வேண்டும், அவற்றுக்குப் பணம் வேண்டும். அதற்காகத்தானே 64,900 ரூபாய் கட்டினேன்?

நோட்டீஸ் வந்த அன்றே அந்தப் பிரதிநிதியை அழைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை. தளத்தின் உதவி எண்ணில் பேசிய பெண், அவர் வேலையைவிட்டுப் போய்விட்டார் என்றும், புகார் எண் ஒன்று கொடுத்திருப்பதாகவும், சட்டப் பிரிவிலிருந்து அழைப்பார்கள் என்றும் சொன்னார். யாரும் அழைக்கவில்லை. மறுபடி அழைத்தால் மறுபடி ஒரு புதிய எண். ஒரு வழியாகச் சட்டப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு பேசியவர், நோட்டீஸைப் படித்துக்கூடப் பார்க்காமல், "முதல் விசாரணைக்கு நீங்களே போய் வாய்தா வாங்கிடுங்க டாக்டர், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். இதைக் கேட்டு நடந்திருந்தால் என் கதி என்னவாகியிருக்கும்! நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸுக்கு 30 நாள்களுக்குள் எழுத்துமூலப் பதில் கொடுக்க வேண்டும்; ஆணையம் மனம் வைத்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. மருத்துவர்களின் வழக்குகளை நடத்துவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் இடத்துக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அவர்கள் இசையைப் போட்டுக் காத்திருக்க வைத்த ஒவ்வொரு நாளும் அந்த 30 நாளிலிருந்துதான் கழிந்துகொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல், சான்றிதழில் இருந்த காப்பீட்டு நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கே நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி பாலிசி எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்துச் சொன்னது இதுதான்: அது அந்தத் தளத்தை நடத்தும் கம்பெனியின் பெயரில் இருந்த குழுப் பாலிசி, ஓராண்டுக்கு மட்டும் எடுக்கப்பட்டது, 2024இல் முடிந்துவிட்டது, புதுப்பிக்கப்படவில்லை. நடப்பில் இருந்த அந்த ஓராண்டிலும் ரெட்ரோஆக்டிவ் தேதி 2011 அல்ல, 2023. 1 கோடி என்பதும் எனக்கென்று தனியாக இருந்த வரம்பு அல்ல. அந்தக் குழுவிலிருந்த மருத்துவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டுக்கு இருந்த மொத்த வரம்பு. பிரீமியம் கைக்கு வந்தால்தான் காப்பீடு தொடங்கும் என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் உங்கள் பணம் எங்களுக்கு வரவே இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. மூன்று ஆண்டுக்கு என்று என்னிடம் வாங்கிய 64,900 ரூபாயில் இரண்டு ஆண்டுப் பணம் எங்கே போனது என்று கேட்கத்தான் வயிறு எரிகிறது.

பழைய பொதுத்துறைக் கிளைக்கும் போனேன். என்னை நினைவில் வைத்திருந்து அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் தொடர்ச்சி அறுந்துவிட்டதால் இன்றைய தேதியிலிருந்துதான் புதிய பாலிசி தர முடியும், ஏற்கெனவே வந்துவிட்ட இந்தப் புகாருக்கு அது பொருந்தாது என்றார்கள். அதாவது, போனது 64,900 ரூபாய் மட்டுமல்ல. பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் கட்டிக் காத்த 2011 என்ற தேதி போய்விட்டது. எந்தப் பணம் கொடுத்தும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

தளத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். "நீங்கள் வாங்கியது காப்பீடு அல்ல, மருத்துவச் சட்ட ஆலோசனைக்கான உறுப்பினர் திட்டம். காப்பீடு என்பது உறுப்பினர்களுக்கு நாங்கள் விரும்பினால் அளிக்கும் கூடுதல் சலுகை. உறுப்பினர் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று பதில் வந்திருக்கிறது. ரசீதை எடுத்துப் பார்த்தால் அதிலும் பிரீமியம் என்று இல்லை, 'சேவைக் கட்டணம்' என்றுதான் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியின் நகலை அனுப்பியதற்கு, அது முன்னாள் ஊழியரின் சொந்தக் கருத்து, கம்பெனி பொறுப்பாகாது என்கிறார்கள். சீருடையும் அடையாள அட்டையும் போட்டுக்கொண்டு வந்து, இவர்களுடைய கணக்கில் 64,900 ரூபாயைக் கட்டவைத்தவரின் பேச்சு எப்படிச் சொந்தக் கருத்தாகும்? எனக்குக் காட்டப்பட்ட சான்றிதழுக்குரிய மயக்க மருந்து மருத்துவரிடமும் பேசிவிட்டேன். அவருக்கும் இதே பாலிசி எண்தான். அவர் இன்றுவரை தனக்குக் காப்பீடு இருப்பதாக நினைத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

பாலிசி வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை எழுதுவதாகச் சொன்னேன். பதில் மனுவுக்குக் கேஸ் ஷீட்டையும் ஒப்புதல் படிவத்தையும் நகலெடுத்து இன்று மாலைக்குள் வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டியிருப்பதால், அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் பெயரில் காப்பீட்டு நிறுவனமே வழங்கிய பாலிசி அட்டவணை கையில் இல்லையென்றால் உங்களுக்குப் பாலிசி இல்லை என்றே வைத்துக்கொண்டு இன்றே விசாரியுங்கள். சான்றிதழ், உறுப்பினர் அட்டை எதுவும் அதற்கு ஈடாகாது. பாலிசி எண்ணை, விற்றவரிடம் கேட்காமல், நிறுவனத்தின் கிளையில் சொல்லி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணையில் ரெட்ரோஆக்டிவ் தேதி அச்சில் இருக்க வேண்டும். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஓராண்டுக்கு எவ்வளவு என்ற விகிதத்தையும் பாருங்கள். பணம் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும். ரசீதில் பிரீமியம் என்று இருக்கட்டும். பழைய பாலிசியை, புதியது கைக்கு வந்து படித்துப் பார்க்கும் வரை முடியவிடாதீர்கள். விற்பவருக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏமாந்திருந்தால் ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்; காவல் துறையிலும் கொடுக்கப்போகிறேன்.

2023க்குப் பிறகு இப்படி மூன்றாண்டுத் திட்டம் என்று பணம் கட்டி, பொன்னிற ஓரச் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் மருத்துவர்கள் யாராவது இருந்தால், சான்றிதழையும் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எல்லாரும் சேர்ந்தே புகார் கொடுப்போம்.