சிறு சொறிமுட்டைகளைப் பார்க்க ஒரு லென்ஸும் பெட்டியும்: மதிப்பீடு

கைப்பேசியின் கேமரா மீது கவ்விக்கொள்ளும் உருப்பெருக்கி லென்ஸையும், இரண்டு சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு குறுகிய அக்ரிலிக் பெட்டியையும் சேர்த்து, ஆயிரம் ரூபாய்க்குள் இணையத்தில் விற்கிறார்கள். குளத்துப் பூச்சிகளையும் மீன்குஞ்சுகளையும் படமெடுப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட இந்தத் தொகுப்பை இராமநாதபுரம் கடலோரத்தில் சிறு ஜெல்லிமீன்களை, அதாவது சொறிமுட்டைகளை, பார்ப்பதற்காகவே வாங்கினேன். விரல்நகத்தளவு உள்ள சொறிமுட்டையைக் கரையில் நின்றபடியே, உயிரோடு, அதன் உறுப்புகள் தெரியும்படி பார்ப்பதற்கு இந்த விலையில் இதைவிட ஏற்ற கருவியை நான் பார்த்ததில்லை.

இத்தனை சிறிய உயிரை ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, 2023இல் அறிவிக்கப்பட்ட ஒரு கண்டுபிடிப்பைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். ஹாங்காங்கின் மாய் போ இயற்கைக் காப்பகத்தில், அலையாத்தி மரங்களுக்கு இடையே கடல்நீர் ஏறி இறங்கும் உவர்நீர் இறால் குளம் ஒன்றிலிருந்து 2020 முதல் 2022 வரையிலான கோடைகளில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து, ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகக் குழு ஒரு புதிய பெட்டி ஜெல்லிமீன் (பெட்டி போன்ற நாற்புற உடல் கொண்ட ஜெல்லிமீன்) இனத்தை அடையாளம் கண்டது; அதற்கு டிரைபெடாலியா மைபோயென்சிஸ் என்று பெயரிட்டார்கள். நிறமற்ற அதன் உடலின் நீளம் சராசரியாக ஒன்றரை சென்டிமீட்டர்தான். நான்கு மூலைகளிலும் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு உணர்கொம்புகள் பத்து சென்டிமீட்டர் வரை நீள்கின்றன. ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் படகுத் துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கிறது. உடலின் நான்கு பக்கங்களிலும் உள்ள புலனுறுப்புகளில் ஆறு ஆறாக இருபத்து நான்கு கண்கள் உள்ளன. ஒவ்வோர் ஆறிலும் இரண்டு லென்ஸ் கொண்டவை, மற்ற நான்கும் வெளிச்சத்தை மட்டும் உணர்பவை. பல்லாண்டுகளாக மக்கள் இறால் வளர்த்துவந்த குளத்தில் இப்படி ஓர் உயிர் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

நம் மாவட்டத்திலும் வடகடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடா ஓரமாகக் காரங்காடு, தேவிபட்டினம் பக்கம் அலையாத்திகளும் உவர்நீர் ஓடைகளும் இருக்கின்றன. அந்த ஹாங்காங் இனம் இங்கேயும் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய நீரில் ஒன்றரை சென்டிமீட்டர் உயிரை நின்று பார்க்கும் பழக்கமும் அதற்கான எளிய கருவியும் பள்ளி மாணவர்களிடமாவது இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. அந்த ஆசைக்கு இந்தப் பெட்டி பெரிதும் உதவுகிறது.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடகடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியான விடியற்காலைகளில்தான் இக்கருவி முழுப் பயனைத் தருகிறது. வலையால் அள்ளினால் சொறிமுட்டையின் மெல்லிய குடை கிழிந்துவிடும் என்பதால், பிளாஸ்டிக் குவளையில் நீரோடு சேர்த்து மொண்டு, மெதுவாகப் பெட்டிக்குள் சாய்க்க வேண்டும். பெட்டியின் பின்புறம் ஒரு கறுப்பு அட்டையை வைத்து, சிறிய டார்ச் விளக்கின் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து செலுத்தினால், அதுவரை வெறும் நீராகத் தெரிந்த இடத்தில் ஒரு குடை சுருங்கி விரிவதும், அதன் விளிம்பிலுள்ள இழைகள் ஒவ்வொரு துடிப்பிலும் பின்னுக்கு இழுபடுவதும் துலக்கமாகத் தெரிகின்றன. ஜெல்லிமீனைப் போலத் தோன்றும் வேறோர் உயிரான சீப்பு ஜெல்லி ஒன்று அகப்பட்டுவிட்டால், அதன் உடலில் மேலிருந்து கீழாக ஓடும் எட்டு வரிசை மயிரிழைத் தகடுகளில் ஒளி சிதறி வண்ணங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெட்டி குறுகலாக இருப்பதால் உயிர் லென்ஸின் குவியத்தை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. இந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்தவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

லென்ஸின் நடுப்பகுதியில் உருவம் கூர்மையாகவும், ஓரங்களில் மங்கலாகவும் விழுகிறது. இந்த விலைக்கு அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கிளிப்பில் உள்ள இரும்புச் சுருள் உப்புக்காற்று பட்டுத் துருப்பிடித்து, இப்போது பிடி தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தும் இதைத் தடுக்க முடியவில்லை. மாற்றுக் கிளிப் கேட்டு விற்பனையாளருக்கு எழுதினேன். தனியாகத் தருவதில்லை என்ற பதிலோடு முடித்துக்கொண்டார்கள். அக்ரிலிக்கில் மணல் உரசினால் கீறல் விழுகிறது. ஆகவே துணியால் துடைப்பதற்கு முன் நீரை ஊற்றி மணலைக் கழுவிவிட வேண்டும். பெட்டி கொள்ளும் நீர் மிகவும் குறைவு என்பதால், வெயில் ஏறிய பிறகு அது விரைவில் சூடேறி உள்ளிருக்கும் உயிரை வதைக்கும். எனவே நிழலில் வைத்துச் சில நிமிடங்களில் பார்த்து முடித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது நம் கடமை.

தொகுப்போடு வரும் தாளில் பாதுகாப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம் அளிக்கிறது. சிறியதுதானே என்று எண்ணி எந்தச் சொறிமுட்டையையும் வெறுங்கையால் தொடக்கூடாது. இறந்து கரையில் ஒதுங்கியதன் இழைகூடச் சுடும். பட்டுவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்கவோ, நல்ல தண்ணீரால் கழுவவோ கூடாது. பெட்டி ஜெல்லிமீன் தீண்டலுக்கு வினிகர் ஊற்றுவது இன்னும் வெடிக்காத கொட்டணுக்களை (நஞ்சைச் செலுத்தும் நுண்ணிய செல்களை) அடக்கும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கையுறையையும் ஒரு புட்டி வினிகரையும் இந்தத் தொகுப்பின் பகுதியாகவே கருத வேண்டும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட 21 தீவுகளின் பக்கம் அனுமதியின்றி இதை எடுத்துச் செல்லவும் கூடாது.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு: பெட்டியின் ஒரு பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகளைப் பொறித்துக் கொடுங்கள். வழக்கத்துக்கு மாறான ஓர் உயிர் கண்ணில் பட்டு, அதன் படத்தை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப விரும்பும் ஒருவருக்கு, இடமும் நாளும் எழுதிவிடலாம், அளவைத்தான் காட்ட முடியாமல் போகிறது. நான் இப்போதைக்கு ஒரு பழைய அளவுகோலை அறுத்துப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.