பேலன்ஸ் ஷீட்டா, பேங்க் ஸ்டேட்மென்ட்டா: குடும்பத் தொழிலின் நிலையை எதில் பார்ப்பது?

திருப்பூர் பனியன் கம்பெனியோ, கோவை பவுண்டரியோ, பாகம் பிரிக்கும்போதும் பிள்ளைகள் பொறுப்பேற்கும்போதும் இந்தக் கேள்வி வரும்.

செலவு: பேலன்ஸ் ஷீட்டை ஆடிட்டர் வருடாவருடம் எப்படியும் தயாரிக்கிறார். ஸ்டேட்மென்ட்டுக்கு 12 மாதப் பதிவும் உட்கார்ந்து பிரிக்கப் பொறுமையும் போதும்.

தெரிவது: முதலாவதில் சொத்து, கடன், சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி. இரண்டாவதில் பணம் உண்மையில் வந்த தேதி, திரும்பிய காசோலை, சிசி லிமிட் (தொழிலுக்கு வங்கி வரம்பு வைத்துத் தரும் கேஷ் கிரெடிட் கடன்) மாதம் முழுக்க உச்சத்திலேயே நிற்கிறதா என்பது.

ஏமாற்றும் இடம்: ஆடிட்டர் கணக்கில் வரும் லாபம்தான் அதிகம் ஏமாற்றும். அப்பா பெயரிலுள்ள ஷெட்டுக்கு வாடகை இல்லை, அண்ணன் தம்பிக்குச் சம்பளம் இல்லை. 10 லட்சம் லாபம் என்பார்கள். வாடகை மாதம் 30,000, சம்பளம் தலா 40,000 என்று எழுதிப் பாருங்கள். வருடத்துக்கு 13.2 லட்சம் செலவு. தொழில் நட்டத்தில் ஓடுகிறது. விலைபோகாத பழைய சரக்கு முழு விலையில் இருப்புக் கணக்கில் கிடப்பதும் இதே கோளாறு.

ஸ்டேட்மென்ட்டில் சீட்டுத் தவணை, கல்யாணச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் கலந்திருக்கும். அவற்றை முதலில் தனியே ஒதுக்குங்கள். ரொக்கக் கைமாற்று இதில் தெரியாது.

பாகம் பிரிக்க: திருத்திய பேலன்ஸ் ஷீட், நிலத்தைச் சந்தை விலையில் போட்டு. அடுத்த ஆறு மாதம் கூலி தட்டாமல் போகுமா என்று அறிய: ஸ்டேட்மென்ட். புதிதாகப் பொறுப்பேற்கும் மகனோ மகளோ இதிலிருந்தே தொடங்கலாம்.