அரசு நிவாரணமா, பயிர்க் காப்பீடா: மூழ்கிய நெல்லுக்கு எது எவ்வளவு தரும்?

காப்பீடு செய்யாத பயிர் அழிந்தால் கிடைக்கக்கூடியது பேரிடர் நிவாரண நிதியின் இடுபொருள் (விதை, உரம் போன்றவை) மானியம் மட்டுமே. 2022-26 காலத்துக்கான விதிப்படி எக்டேருக்கு மானாவாரிக்கு ₹8,500, பாசனப் பயிருக்கு ₹17,000, பல்லாண்டுப் பயிருக்கு ₹22,500. ஒரு விவசாயிக்கு 2 எக்டேர் வரைதான். சேதம் 33 சதவீதத்தைத் தொட்டிருக்க வேண்டும் (2015 வரை இது 50 ஆக இருந்தது). நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமார் ₹6,880. நடவுக் கூலிக்கும் உரத்துக்குமே பற்றாது. மாநில அரசு சில நேரம் கூட்டித் தருவதுண்டு: 2023 பிப்ரவரியில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு எக்டேருக்கு ₹20,000 அறிவித்தார்கள். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பிரீமியம் காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலப்) பயிருக்கு 2%, ராபிக்கு (குளிர்காலப் பயிர்) 1.5%, பணப்பயிர், தோட்டப்பயிருக்கு 5%. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு ₹36,000 என்று வைத்துக்கொண்டால், 1.5 சதவீதத்தில் கட்ட வேண்டியது ₹540. உத்தரவாத மகசூல் (இதற்குக் குறைந்தால்தான் இழப்பீடு) 2,000 கிலோ, மாதிரி வயல்களை அறுத்து எடைபோடும் அறுவடைப் பரிசோதனையில் கிடைத்தது 1,200 கிலோ என்றால் குறைவு 40%, இழப்பீடு ₹14,400. நிவாரணத்தைப் போல இரண்டு மடங்கு. அதே மகசூல் 1,800 கிலோ வந்திருந்தால் ₹3,600தான்.

சிக்கல் இங்கேதான். அந்த 1,200 கிலோ உங்கள் வயலின் கணக்கு இல்லை, வருவாய்க் கிராமத்தின் சராசரி. வாய்க்கால் கடைமடையில் உங்கள் நாலு ஏக்கர் அழுகிப்போய், மேட்டு வயல்கள் தப்பியிருந்தால் கிராமச் சராசரி குறையாது. ஒரு ரூபாயும் வராது. நிவாரணக் கணக்கெடுப்போ வயல்வாரியாக நடக்கிறது. ஒன்று கைவிடும் இடத்தில் மற்றது கைகொடுக்கும். நிவாரண விதியில் காப்பீடு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இல்லை.

தனி வயல் சேதத்துக்குக் காப்பீட்டிலும் வழியுண்டு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் புகார் பதிய வேண்டும். நெல் வயலில் வெள்ளம் தேங்குவதை மட்டும் 2018-இல் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெல்டாவுக்கு அதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை. 2026 காரிஃப் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் புயல் மழையில் நனைந்தால் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல்லுக்கு இது பொருந்தாது.

குறுவைக்குத் தமிழ்நாட்டில் சில ஆண்டுகளில் காப்பீடே அறிவிக்கப்படவில்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் நிவாரணமே கதி என்பதால் அடங்கல்தான் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவேடு) உயிர்நாடி. நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பயிர், பரப்பு, உட்பிரிவு எண் மூன்றும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தரிசு என்று இருந்தால், மூழ்கியபின் திருத்தக் கேட்பது சண்டையில்தான் முடியும். குத்தகைதாரர் சாகுபடிச் சான்றை முன்கூட்டியே வாங்கி வைக்கட்டும். இல்லாவிட்டால் பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடும். கூட்டுப் பட்டாவில் இறந்தவர் பெயர் இருந்தாலும், உங்கள் வங்கி வேறு வங்கியோடு இணைந்த பிறகு பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணைக் கொடுத்தாலும் பணம் தடைபடும்.

காப்பீட்டில் பதிவுத் தவறும் நிராகரிப்புக்குக் காரணமாகலாம். பொதுச் சேவை மையத்தில் அவசரத்தில் பக்கத்துக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், உங்கள் இழப்பீடு அந்தக் கிராமத்தின் மகசூலைப் பொறுத்தே அமையும். ரசீதில் கிராமம், சர்வே எண், பரப்பு மூன்றையும் மையத்திலேயே சிட்டாவோடு (நில உரிமை விவரச் சான்று) ஒப்பிட்டுவிடுங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். சர்வர் திணறுவதும் அன்றைக்குத்தான்.

வயல் மூழ்கினால் வடிவதற்குள் இருப்பிடமும் தேதியும் பதியும் கேமராவில் நாலு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். கணக்கெடுக்க வருமுன் உழுதுவிடாதீர்கள். வெறும் நிலத்தில் 33 சதவீதத்தை யாராலும் காட்ட முடியாது.