கோ கெர் போக சியெம் ரீப்பில் வண்டி பேசுகிறவர்கள் கவனத்துக்கு

கம்போடியா போகிறவர்களில் அங்கோர் வாட்டோடு நிறுத்தாமல் காட்டுக்குள் இருக்கும் பழைய கெமர் கோயில்களையும் பார்க்க நினைப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். "கோ கெர், பெங் மீலியா இரண்டும் ஒரே நாளில், காரும் கைடும் சேர்த்து" என்று அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஓர் ஏஜென்சி எங்கள் குடும்பத்திடம் 130 டாலர் வாங்கியது. செய்தது பச்சை மோசடி.

புறப்படும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். பெங் மீலியாவுக்குத் தனி டிக்கெட் என்று சொல்லி தலைக்கு 5 டாலர் கேட்டு வாங்கினார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2020 முதல் அந்தக் கோயில் அங்கோர் பாஸிலேயே, அதாவது அங்கோர் கோயில்களுக்கான பொது டிக்கெட்டிலேயே, அடங்கிவிட்டது. எங்களிடம் 62 டாலர் மூன்று நாள் பாஸ் இருந்தது. வாசலில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். வாங்கிய காசைக் கேட்டால் டிரைவருக்குத் திடீரென்று ஆங்கிலம் புரியவில்லை. கைடு என்று யாரும் வரவும் இல்லை.

கோ கெர் பாஸில் வராது. அங்கே தனி டிக்கெட் உண்டு, கவுண்டரில் நீங்களே எடுங்கள்.

வழியில் பனைவெல்லக் கடை, பட்டுக் கடை, கல் சிற்பக் கடை என்று நிறுத்தி நிறுத்தி பொழுதைத் தின்றார்கள். கோ கெர் சியெம் ரீப்பிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. அங்குள்ள முக்கியக் கோயிலான பிரசாத் தொம் வாசலில் இறக்கிவிட்டு, "அரை மணி நேரம், அவ்வளவுதான் கோ கெர்" என்றார் டிரைவர்.

அது அவ்வளவுதான் இல்லை! நான்காம் ஜெயவர்மன், அவருக்குப் பின் அவர் மகன் காலத்தில், 928 முதல் 944 வரை, கெமர் பேரரசின் தலைநகரமாக இருந்த ஊர் அது. பிரசாத் தொம்மில் ஏழு அடுக்கில் 36 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பிரமிடு கோயில்தான் எல்லாப் படத்திலும் வரும். ஆனால் பெரிய ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் வேர் பின்னிப் பிணைந்த பிரசாத் பிராம், கல் யானைகள் காவல் நிற்கும் பிரசாத் தம்ரெய், ஆவுடையாரோடு பெரிய லிங்கம் இன்றும் இருக்கும் சிறு கோயில்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த லிங்கங்களைத் தரிசிக்கத்தான் அப்பா அவ்வளவு தூரம் வந்தார்.

"அங்கே கண்ணிவெடி இருக்கிறது, போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார் டிரைவர். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பகுதியில் கண்ணிவெடியால் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். புழங்கும் பாதையை விட்டு விலகி யாரும் காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. ஆனால் லிங்கக் கோயில்கள் தார்ச்சாலை ஓரத்தில், வெடி அகற்றிய இடத்தில் இருக்கின்றன. டிக்கெட் சரிபார்க்கும் பெண்ணிடம் கேட்டோம். தாராளமாகப் போகலாம் என்றார். எங்கள் கண்ணெதிரே இன்னொரு வேன் அந்தப் பக்கம்தான் திரும்பியது. சீக்கிரம் வீடு திரும்புவதற்காக மக்களின் துயரத்தையே சாக்காக்கிய ஆள் இவர்.

ஏஜென்சியில் சண்டை போட்டதில் பெங் மீலியா காசு மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு, "கோ கெர் காட்டினோமே" என்று ரசீதை நீட்டினார்கள். அதில் எந்தக் கோயிலின் பெயரும் இல்லை. ஆகவே பிரசாத் தொம், பிரசாத் பிராம், பிரசாத் லிங்கா, பிரசாத் தம்ரெய் என்று ஒவ்வொரு பெயரையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கடைகளில் நிறுத்தக்கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள். கைடின் உரிம அட்டையைப் பார்த்த பிறகு பாதிப் பணம் கொடுங்கள். மீதியைத் திரும்பி வந்து இறங்கியதும் கொடுத்தால் போதும்.