குவாரனா வாங்கலாமா? குடித்துப் பார்த்தவனின் பதில்

"அண்ணா, குவாரனா பவுடர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" என்று சோழிங்கநல்லூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி கேட்டார். குவாரனா, மாத்தே என்கிற தென் அமெரிக்க இலைப் பானம், க்ரீன் டீ, ஃபில்டர் காப்பி எல்லாமே என் வீட்டு அலமாரியில் நெடுநாள் குடியிருந்தவை.

எந்தச் செடியில் இருந்தாலும் காஃபீன் ஒன்றுதான். மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு களைப்பை மறைக்கிறது. அதனால் அளவு தெரிய வேண்டும். என் கோபமே அங்கேதான். குவாரனா அமேசான் பகுதிக் கொடியின் விதை. பொதுவாக அராபிகா வகைக் காப்பிக்கொட்டையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காஃபீன் உள்ளது. நான் வாங்கிய எந்த டப்பாவிலும் ஒரு ஸ்பூனுக்கு எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. 'இயற்கை ஆற்றல்' மட்டும் கொட்டை எழுத்தில். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி. வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. டப்பாவில் எண்ணே இல்லாதபோது கணக்கு வைப்பது எப்படி? ஒரு டப்பா ஒன்றும் செய்யவில்லை. அடுத்தது நெஞ்சைப் படபடக்க வைத்தது.

க்ரீன் டீ சாது. அதிலுள்ள தியனைன் என்ற அமினோ அமிலம் காரணமோ என்னவோ, பதற்றம் வரவில்லை.

எதிர்பாராத சந்தோஷம் மாத்தே. அர்ஜென்டினாவில் வெந்நீரில் குடிப்பார்கள். பராகுவேயில் அதே இலையை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து 'தெரெரே' என்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த வழக்கம் அது. சென்னைக் கத்திரி வெயிலில், கரன்ட் போன மதியத்தில், அந்தக் கசப்பும் குளிர்ச்சியும் தந்த தெளிவை வேறெதுவும் எனக்குத் தந்ததில்லை.

ஆனாலும் வாங்கச் சொல்வது காப்பித்தூளைத்தான். மாத்தே இறக்குமதிச் சரக்கு, விலையும் அதிகம், கிடைப்பதும் நிச்சயமில்லை. காப்பிக்கடையில் கண்ணெதிரே அரைக்கிறார்கள். ரொபஸ்டா வகைக் கொட்டை சேர்த்தால் காஃபீன் ஏறும், சிக்கரி சேர்த்தால் இறங்கும். சிக்கரியில் காஃபீனே கிடையாது. காப்பி 80, சிக்கரி 20 என்று நான் சொன்னால் 80-20தான்.

அப்புறம் தம்பி, காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். காலை ஏழுக்குப் படுப்பவர் விடியற்காலை இரண்டு மணிக்குக் குடித்தால் பாதி இன்னும் உள்ளேதான் இருக்கும். ஷிஃப்ட் தொடங்கும்போதே குடித்துவிடுங்கள். குவாரனாவை, எண் போட்டு விற்கும்வரை, தொடாதீர்கள்.